ஹட்டன் படியும் இரத்தினபுரிக் காடும்: சிவனொளிபாதமலைக்கு ஒரு நாள்

1344ஆம் ஆண்டு புத்தளக் கரையில் இறங்கிய உலகப் பயணி இபுனு பதூதா, அங்கிருந்த யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியிடம் ஒன்றைத்தான் கேட்டார்: ஆதமின் பாதம் பதிந்த மலைக்குப் போய்வர வழி செய்து தாருங்கள். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூன்று பேர், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஆட்களையும் கூட்டி அனுப்பினார். வழி அறிந்தவர் யார், துணைக்கு யார், சுமையை யார் தூக்குவது என்ற மூன்றும் புறப்படுமுன்னே தீர்ந்துவிட்டன. தமிழ் மன்னர் ஒருவர் மலைப் பயணத்துக்குச் செய்த ஏற்பாடு இவ்வளவு துல்லியமாக எழுத்தில் கிடைப்பது அரிது.

மலையைப் பற்றி அவர் எழுதிவைத்த செய்தி இன்னும் சுவையானது. மேலே போக இரண்டு வழி. ஒன்று தந்தை ஆதமின் பெயரால், மற்றது தாய் ஏவாளின் பெயரால். தாய் வழி இலகுவானது. யாத்திரிகர் திரும்பி வருவது அந்த வழியால். அதிலேயே ஏறி அதிலேயே இறங்கியவரை யாத்திரை செய்தவராக யாரும் ஏற்பதில்லை. தந்தை வழி கரடுமுரடு. பாறையில் வெட்டிய படிகள், அடித்திறுக்கிய இரும்பு முளைகள், அவற்றிலிருந்து தொங்கும் சங்கிலிகள். மொத்தம் பத்துச் சங்கிலி. பத்தாவதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறவருக்கு விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில், இஸ்லாமியரின் நம்பிக்கை உறுதிமொழியான கலிமா தானாக வாயில் வந்துவிடுமாம். அதனால் அதற்குப் பெயரே கலிமாச் சங்கிலி.

அந்த இரு வழிகளும் இன்றைய எந்தப் பாதைகள் என்ற விசாரணை இங்கே வேண்டாம். கடினமான பக்கத்தால் ஏறி, இலகுவான பக்கத்தால் இறங்கி, இரண்டையும் சேர்த்து ஒரே பயணமாக எண்ணிய அந்தக் கணக்குத்தான் எனக்கு வேண்டியது. கொழும்பிலிருந்து போகும் நாம் அதை மறந்துவிட்டோம். மார்கழிப் போயாவில் பருவம் தொடங்கியதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மலைப் பேச்சு எழும். சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், அதற்கு எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எத்தனை மணிக்கு அடிவாரத்தில் திரும்பி நிற்க வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. ஹட்டன் வழியையும் இரத்தினபுரி வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் இந்தக் கேள்விதான்.

முதலில் அளவுகள். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். ஹட்டன், மஸ்கெலியா வழியாக வருகிறவர் நல்லதண்ணியில் வாகனத்தைவிட்டு இறங்கும்போதே ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். உயர வேண்டியது இன்னும் 1,000 மீட்டரளவு. நடக்க வேண்டியது 6 கிலோமீட்டருக்கு முன்பின். பெரும்பகுதி படிகள், 5,500 என்று பொதுவாகச் சொல்வார்கள். இரத்தினபுரி, கிலிமலை வழியாகப் பலாபத்தலைக்குப் போய் ஏறுகிறவரின் நிலை வேறு. பலாபத்தல கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர்தான் உயரம். ஆகவே அவர் உயர வேண்டியது ஏறத்தாழ 1,800 மீட்டர், தூரமும் 5 கிலோமீட்டரளவு கூடுதல். குருவிட்ட, எரத்ன வழியும் ஏறத்தாழ இதே அளவுதான். ஹெரமிட்டிபானையில் இது பலாபத்தல வழியோடு சேர்ந்துகொள்ளும். எனவே அதைத் தனியே பேசவில்லை.

மலை நடைக்கு நேரம் கணிக்க ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு சூத்திரம் தந்தார். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் உயர்வுக்கு இன்னொரு மணி நேரம். இதன்படி நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு மூன்று மணி நேரம் கொஞ்சம் குறைய, பலாபத்தலையிலிருந்து ஐந்தே கால் மணி நேரம். இது ஓய்வில்லாமல் நடக்கும் பழகிய காலுக்கான கணக்கு. காலி வீதியில் கடைக்கும் பஸ்ஸுக்குமாக நடக்கிற நமக்கு முதலாவதை நான்காகவும் இரண்டாவதை ஏழாகவும் கொள்வது நல்லது. வித்தியாசம் மூன்று மணி நேரம். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாயிருக்கும் தை மாதத்தில், இந்த மூன்று மணி நேரம் நாளையே வேறொன்றாக்கிவிடும்.

கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களிடம் இதற்கு ஒப்பான ஓர் அனுபவம் உண்டு. ஐம்பது அறுபது மீட்டர்க் கயிற்றின் ஒரு நீளத்தை அவர்கள் ஒரு பிட்ச் என்பார்கள். பல பிட்ச் கொண்ட உயரப் பாறையில், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடுத்தரமாக, தேர்ந்த கைக்கு இலகுவாகக்கூட இருக்கும். ஆனால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டோ பத்தோ ஏறி, முன்னால் போகிற குழுவுக்காகக் காத்து நின்று, பாறைக்குப் போய்ச்சேரும் நடையையும் திரும்பி இறங்கும் நடையையும் கூட்டினால் விடியல் முதல் இருட்டும்வரை நாள் முழுதும் தின்றுவிடும். கலிபோர்னியாவில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் மலையில் ஸ்னேக் டைக் என்ற வழி இப்படிப்பட்டது. 1965இல் முதன்முதல் ஏறப்பட்டது, எட்டு பிட்ச், பாறை ஏறுவோர் கணக்கில் நடுத்தரக் கடினம். அதில் ஏறியவர்கள் இறங்குவது மலையின் மறுபக்கத்தில் 1919இல் அமைத்த இரும்புக் கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு. ஏற ஒரு பக்கம், இறங்க ஒரு பக்கம். பதூதா கண்ட ஏற்பாடு அங்கேயும் அப்படியே இருக்கிறது.

சிவனொளிபாதமலையில் இன்றைக்குக் கயிறு வேண்டாம். படியும் கைப்பிடியும் உண்டு. ஆனால் நாளைத் திட்டமிடும் முறை மாறவில்லை. எந்தப் படியும் தனியே கடினமில்லை. ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் கடினம். அதிலும் ஒரு தவறு நேர்ந்தால் எந்த இடத்திலிருந்து எவ்வளவு எளிதாக விலகிவர முடியும் என்பதில்தான் இரு வழிகளும் பிரிகின்றன.

ஹட்டன் வழி மன்னிக்கும் வழி. பருவ காலத்தில் இரவெல்லாம் விளக்கு எரியும். தேத்தண்ணிக் கடைகள் வரிசையாக இருக்கும். போர்வை, தொப்பி, சூடான ரொட்டி எல்லாம் வழியிலேயே வாங்கலாம். தேயிலைத் தோட்டத்தைக் கடந்து, மகர தோரணத்துக்குள் நுழைந்து, ஜப்பானியப் பிக்குகள் கட்டிய சமாதான தூபியையும் சீத்தகங்குல ஓடையையும் தாண்டும்வரை ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். உண்மையான செங்குத்து அதற்குப் பிறகு. ஆகவே மூச்சு வாங்குகிறவர், முழங்கால் வலிக்கிறவர், பிள்ளையைத் தோளில் போட்டவர் ஆகியோர் ஓடையோரத்திலேயே தீர்மானம் எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து நல்லதண்ணிக்குத் திரும்புவது பெரிய வேலையில்லை. செங்குத்தின் நடுவிலும் பக்கத்தில் ஒரு கடை இருக்கும், கேட்டால் கைகொடுக்க ஆள் இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து போகிறவர்களில் பலருக்கு இந்த வழியில் இன்னொரு பலமும் உண்டு. ஆமர் வீதி முதல் புறக்கோட்டை வரை கடைகளில் நிற்கிற இளைஞரில் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பிள்ளைகள் எத்தனை பேர்! தைப்பொங்கலுக்கு வீடு போகிற பயணத்தோடு மலையையும் சேர்த்துக்கொள்வார்கள். லயத்தில் அக்கா வீடு இருக்கும், மாமா வீடு இருக்கும். முதல் நாள் மத்தியானமே போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, பொழுது சாய்ந்ததும் நான்கு மணி நேரம் தூங்கி, நள்ளிரவில் நல்லதண்ணிக்குப் போவார்கள். இறங்கி வந்ததும் குளிக்க வெந்நீரும் சோறும் காத்திருக்கும். மலையேறும் கழகங்கள் பணம் கொடுத்து ஏற்படுத்திக்கொள்ளும் தங்குமிடமும் வழித்துணையும் இவர்களுக்கு உறவிலேயே இருக்கிறது. மஸ்கெலியாப் பெரியவர்களிடம் மேகத்தைக் காட்டி மழை வருமா என்று கேட்டுப்பாருங்கள். கைபேசி சொல்லும் வானிலையைவிட அந்தப் பதிலை நான் நம்புவேன். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியாவை, வறட்சியில் தலைகாட்டும் அதன் கோயிலை, கண்ணால் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஆனால் ஹட்டன் வழிக்கு ஒரு பெரும் பலவீனம் உண்டு: சனம். போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்துவிட்டால் நெய்ஸ்மித் கணக்கெல்லாம் பறந்துவிடும். கடைசிப் படிகளில் வரிசை அசையாமல் நிற்கும். கால் வலிமையால் அங்கே ஒரு நிமிடத்தையும் மீட்க முடியாது. வேர்த்த உடம்போடு குளிரில் நிற்பதுதான் இதில் மோசம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை 6.5 பாகையளவு குறையும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பில் இரவு 23 பாகை என்றால் உச்சியில் எட்டோ ஒன்பதோ இருக்கும். காற்றுச் சேர்ந்தால் அதையும்விடக் குறைவாக உறைக்கும். வெள்ளவத்தைக் கடற்கரைக் காற்றில் வாழ்கிறவர் உலர்ந்த சட்டை ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துப்போவது கம்பளிச் சட்டையைவிட முக்கியம். வரிசையில் நிற்குமுன் ஈரச் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். போயா இரவின் அழகை நான் மறுக்கவில்லை. மாலையில் உதிக்கும் முழுநிலா விடியும்வரை மறையாது, படியெல்லாம் வெளிச்சம். ஆனாலும் முதல் தடவை போகிறவருக்குச் செவ்வாயோ புதனோ, போயா இல்லாத ஒரு வார நாள்தான் என் தேர்வு.

இரத்தினபுரி வழியில் கதை தலைகீழ். பயணம் தொடங்குவது இலகு. வெள்ளவத்தைக்காரர் பாமன்கடை வழியாகக் கிருலப்பனைக்குப் போய், ஹைலெவல் வீதியில் பஸ்ஸை மறித்து அவிசாவளை ஊடாகப் போகலாம். கொட்டாஞ்சேனைக்காரருக்குப் புறக்கோட்டை பக்கம்தான். கொழும்பிலிருந்து இரத்தினபுரி 100 கிலோமீட்டரளவு. ஹட்டனுக்குப் போகும் மலை வளைவுகளை நினைத்தால் இது தூரமே இல்லை. வீட்டிலிருந்து அடிவாரம்வரை மிச்சமாகும் நேரத்தை மலை வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளும்.

இது பழைய ராஜ வழி. முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர் படும் பாட்டைக் கண்டு, அவர்களின் உணவுக்காகக் கிலிமலைக் கிராமத்தையே மானியமாக விட்டான் என்று சூளவம்சம் சொல்லும். தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் சாப்பாடு ஒரு பிரச்சினையாயிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இன்றும் கடைகள் குறைவு, இடைவெளி அதிகம். மழைக்காடு நெருங்கி நிற்கும் பாதை. 1940 முதல் பாதுகாக்கப்பட்ட வனம் இது, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் பகுதி. அட்டை உண்டு, வேர் உண்டு, பாசி படிந்த கல் உண்டு. நீலிஹெல போன்ற பள்ளங்களின் விளிம்பில் நின்று கூப்பிட்டால் எதிரொலி வரும். ஆள் வர நேரமெடுக்கும். நடுவழியில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் அவரைத் தூக்கிவருவது பல மணி நேர வேலை. எனவே இங்கே தனியாகப் போகக் கூடாது. நான்கு பேர் குறைந்தபட்சம் என்பேன். ஒருவர் அடிபட்டால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இருவர் உதவிக்கு இறங்கலாம்.

மழைதான் இந்தப் பக்கத்தின் உண்மையான அதிகாரி. மலையின் தென்மேற்குச் சரிவு நேரே கடலைப் பார்த்து நிற்கிறது. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதுவது இதில்தான். பருவக்காற்று இல்லாத பங்குனி, சித்திரையிலும் காலையில் வெயிலடித்து, பகலில் மேகம் திரண்டு, பின்னேரம் இடியோடு கொட்டும். தை, மாசி மாதங்களே நம்பத்தக்கவை. அவற்றிலும் மத்தியானத்துக்குப் பிறகு மேட்டில் நிற்பது உகந்ததல்ல. ஹட்டன் பக்கத்தில் மழை வந்தால் கடைக்குள் ஒதுங்குவோம். இங்கே படியெல்லாம் நீரோடையாகும். ஏறும்போது உறுதியாயிருந்த கல் இறங்கும்போது வழுக்கும்.

இரண்டு நாள்களையும் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பிப் போட்டுப்பார்ப்போம். ஹட்டன் வழியில் அன்றிரவே கொழும்பு திரும்ப வேண்டும் என்றால் மத்தியானம் ஒரு மணிக்காவது நல்லதண்ணியிலிருந்து வாகனம் புறப்பட வேண்டும். இறங்க மூன்று மணி நேரம், குளிக்கச் சாப்பிட ஒரு மணி நேரம். ஆக ஒன்பதுக்கு உச்சியைவிட்டு இறங்கத் தொடங்கினாலும் போதும். தை மாத உதயம் ஆறே கால், ஆறரை. ஐந்தரைக்கு மேலே நிற்க ஒன்றரைக்கு ஏறத் தொடங்கலாம். இரண்டு மணி நேரம் பிந்தினால்கூட நாள் கெடாது. உதயம் மட்டும்தான் போகும்.

பலாபத்தலையிலிருந்து பகலிலேயே ஏறி இறங்குவதானால், மாலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் இருட்டும். ஐந்துக்கு அடிவாரம் சேர வேண்டும். இறங்க ஐந்து மணி நேரம், சிலருக்கு ஆறு. பதினொன்றுக்கு உச்சியைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஏற ஏழு மணி நேரம் என்றால் காலை நான்குக்கே நடை தொடங்க வேண்டும். அதற்கு முதல் நாள் இரவு இரத்தினபுரியில் தங்க வேண்டும். இவ்வளவு செய்தும் உச்சியில் நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள். பிந்துவதற்கு மிச்சமிருப்பது ஒரு மணி நேரம். பழைய யாத்திரிகர் இதனால்தான் மாலையில் ஏறத் தொடங்கி, ஹெரமிட்டிபானை அம்பலத்தில் உடம்பைச் சாய்த்து, விடியுமுன் மீதியை ஏறினார்கள். என் முடிவும் அதுவே: பலாபத்தலையால் ஏறி அதனாலேயே இறங்குவதைக் கொழும்பிலிருந்து ஒரு நாள் பயணமாக யாரும் போடக் கூடாது.

எந்த வழியானாலும் திரும்பும் இடம் ஒன்றும் திரும்பும் நேரம் ஒன்றும் வீட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். மேலே போனபின் களைப்பும் ஆசையும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லும். அந்தத் தீர்ப்பை நம்ப முடியாது. பகலில் ஏறுவதானால் காலை ஒன்பதரைக்கு ஹெரமிட்டிபானையைத் தொடாதவர் அங்கிருந்தே இறங்கட்டும். உச்சி கண்ணெதிரே தெரியும் இடம் அது, அதனால்தான் கஷ்டம். இதில் நமக்கு உதாரணம் தேட இமயத்துக்குப் போகலாம். அங்கே போனவர்கள் நம் நாட்டார். 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவரோடு புறப்பட்ட ஜொஹான் பீரிஸ் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே, ஒட்சிசன் போதாமல் திரும்பினார். 2018 மே மாதம் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். முதல் தடவை திரும்பி வந்ததால்தான் இரண்டாம் தடவை இருந்தது. ஏறியதைக் கொண்டாடிய அளவுக்கு அந்தத் திரும்பலை நாம் பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

இறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறும்போது வேலை செய்வது நெஞ்சு. இறங்கும்போது அடிபடுவது முழங்கால். ஐயாயிரம் படி இறங்கிய தொடை மறுநாள் வெள்ளவத்தை மாடிவீட்டின் மூன்றாம் மாடிக்கு ஏறவிடாது. இதற்குப் பயிற்சியும் அந்த மாடிப்படியே. ஆறு வாரத்துக்கு முன்பிருந்து லிஃப்டை விட்டுப் படியால் இறங்கிப் பழகலாம். ஏறுவதைவிட இறங்குவதை நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். கீழே போகும் அடிதான் தசையைக் கிழிக்கும், பழக்கமும் அதற்குத்தான் தேவை. மலையில் ஒரு கம்பு இருந்தால் முழங்காலின் பாரம் குறையும். புதுச் சப்பாத்து வேண்டாம். நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள். இறக்கத்தில் பெருவிரல் சப்பாத்தின் நுனியில் இடித்து நகம் கறுக்கும்.

இரு வழியையும் ஒட்டுப்போட்டால் என்ன? பலாபத்தலையால் மாலையில் ஏறி, உச்சியில் விடிய நின்று, ஹட்டன் பக்கத்தால் இறங்குவது. நான் மற்றெல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது இதைத்தான். இறக்கத்தில் 800 மீட்டர் மிச்சம். களைத்த கால் போவது கடையும் விளக்கும் கைப்பிடியும் உள்ள பக்கத்துக்கு. பிசகு வரக்கூடிய நேரம் கடைசி நேரம். அந்த நேரத்தில் மன்னிக்கும் வழியில் இருப்போம். விடியலில் மலையின் முக்கோண நிழல் மேற்கே மேகத்தின்மேல் விழும்போது, முதல் நாள் மாலை ஏறத் தொடங்கிய காட்டை அதற்குள் தேடிப் பார்க்கலாம். ஆனால் வாகனத்தைப் பலாபத்தலையில் விட முடியாது. போகவும் வரவும் பஸ்தான். அடிவாரத்தில் பை வைத்துவிட்டுப் போகவும் முடியாது. ஆகவே சுமை அளவாக இருக்க வேண்டும்: இரண்டு லீட்டர் தண்ணீர், புளிச்சோறு, உப்புக் கரைசல் பைக்கற், உலர்ந்த சட்டை, மழைக் கோட்டு, மாற்று மின்கலத்தோடு தலைவிளக்கு.

முதல் தடவை போகிறவருக்கும் பெற்றோரைக் கூட்டிப்போகிறவருக்கும் ஹட்டன் ஏறி ஹட்டன் இறங்குவதே சரி; பதூதா காலத்து ஊரார் யாத்திரையாக ஏற்காவிட்டாலும் பரவாயில்லை. ஒருமுறை அப்படிப் போய்த் தன் காலின் வேகத்தை மணிக்கணக்கில் அறிந்தவர் அடுத்த தை மாதம் இரத்தினபுரியால் ஏறட்டும். புறப்படும் முன், வீட்டில் இருப்பவர் கையில் ஒரு தாள் கொடுங்கள்: எந்த வழியால் ஏறுகிறோம், எதனால் இறங்குகிறோம், யார் யார், திரும்பும் நேரம் என்ன, எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் மஸ்கெலியாப் பொலிசுக்கோ இரத்தினபுரிப் பொலிசுக்கோ அழைக்க வேண்டும். இரண்டு வழியால் போகிற பயணத்தில் எந்தப் பொலிசை முதலில் கூப்பிடுவது என்பதையும் அதில் எழுதிவையுங்கள்.